கிலோவாட்டை மட்டும் கேட்டு மின்படகு வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண்மாய்களில் மின்படகு விட வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கம் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். டீசல் சிந்தாத தண்ணீரில் மீன் நன்றாக வளரும், ஆடுமாடும் நம்பிக் குடிக்கும். ஆனால் வாங்கப் போகிறவர்கள் "மோட்டார் எத்தனை கிலோவாட்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஆரப்பாளையத்தில் 22 வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்திருக்கும் தம்பி ஒருவர், தன் 16 அடி ஃபைபர் படகின் மோட்டாரைப் போன வருடம் என்னிடம் கொண்டுவந்தார். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் காலை மாலை தவிடும் புண்ணாக்கும் போடுவதற்காக வாங்கிய படகு. மோட்டார் மின்ஆட்டோவில் வருகிற அதே ரகம்: 48 வோல்ட், 1 கிலோவாட், நிமிடத்துக்கு 3000 சுற்று. மூன்று மாதத்தில் மூன்று முறை கருகி வந்தது.

காயிலைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். இந்த மோட்டாரில் காயில்கள் மூன்று தொகுதியாக இருக்கும், ஒவ்வொன்றையும் பேஸ் என்போம். ஒரு பேஸ் மட்டும் கருகியிருந்தால், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலரையோ வயர் இணைப்பையோ சந்தேகப்படலாம். இதில் மூன்று பேஸும் ஒரே சீராகக் கருத்திருந்தன. காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டுக்குள் கரண்ட் கசியாமல் இருக்க வைக்கும் பேப்பர் விரல் பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. தாங்க முடியாத லோடை இழுத்திருக்கிறது என்று அப்போதே சொன்னேன். "இந்த மோட்டாரு ராசியில்லக்கா, பெருசாப் போட்டுரலாமா?" என்றார் தம்பி. படகை விற்றவரும் அவரிடம் அதையேதான் சொல்லியிருந்தார். மூன்றாவது தடவை காயில் கட்டி முடித்ததும் மோட்டாரோடு நானும் கண்மாய்க்குக் கிளம்பிவிட்டேன்.

ஆட்டோவில் இந்த மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும். படகில் அப்படி எதுவும் இல்லை. மோட்டாரை நேராக ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டில் கோத்து, மறுமுனையில் படகைத் தள்ளும் விசிறியான 10 அங்குலப் பித்தளைப் புரொப்பல்லரை மாட்டியிருந்தார்கள். அதில் 10, 7 என்று இரண்டு எண்கள் பொறித்திருந்தன. முதலாவது விட்டம். இரண்டாவது பிட்ச், அதாவது மரத்தில் திருகாணி இறங்குவது போலத் தண்ணீரில் போனால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. 7 அங்குலத்தை 3000 சுற்றால் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு 533 மீட்டர், மணிக்கு 32 கிலோமீட்டர். மிதந்து போகிற 16 அடிப் படகு மணிக்கு 9, 10 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டுமென்றால் தான் எழுப்பிய அலை மீதே ஏற வேண்டியிருக்கும். அதற்கு இந்த மோட்டாரில் சக்தி கிடையாது. ஆக, 3000 சுற்றை எட்டவே முடியாமல் 1200 சுற்றிலேயே திணறிக்கொண்டிருந்தது. அழகர்மலை ஏற்றத்தில் வண்டியைக் கடைசி கியரிலேயே ஓட்டினால் என்ன ஆகும்? டீசல் எஞ்சின் என்றால் அணைந்துவிடும். மின்மோட்டார் அணையாது. கேட்கிற கரண்டை வாங்கிக்கொண்டு, தன்னைக் கருக்கிக்கொண்டே இழுக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்கு.

அளந்து பார்த்தோம். பாட்டரி வயரில் மாட்டுவதற்கு டிசி பார்க்கிற கிளாம்ப் மீட்டர் வேண்டும். கரண்டுக்காரர்களிடம் சாதாரணமாக இருக்கும் ஏசி மீட்டர் இங்கே உதவாது, அது பூஜ்யத்தைக் காட்டும். படகில் நான்கு பேர். கரையில் 100 மீட்டருக்கு இரண்டு குச்சிகள் நட்டுக்கொண்டோம். அந்தத் தூரத்தைக் கடக்க 48 விநாடி, மீட்டரில் 45 ஆம்பியர். உடனே மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்கே மேல்மூடியில் கை வைக்க முடியவில்லை.

அப்புறம் தெரிந்த லேத் பட்டறையில் சொல்லி, மோட்டாரில் 18 பல் புல்லி, ஷாஃப்ட்டில் 90 பல் புல்லி, நடுவே பல் பெல்ட் போட்டோம். ஐந்தில் ஒரு பங்கு, 600 சுற்று. புரொப்பல்லரை 14 அங்குல விட்டம், 10 அங்குலப் பிட்ச்சுக்கு மாற்றினோம். மெதுவாகச் சுற்றுகிற பெரிய புரொப்பல்லர் நிறையத் தண்ணீரை நிதானமாகத் தள்ளும். அதில்தான் சக்தி வீணாவது குறைவு. இன்னும் பெரிதாகப் போட ஆசைதான், படகின் அடியில் இடம் இல்லை, சித்திரை வைகாசியில் கண்மாயில் அவ்வளவு தண்ணீரும் நிற்காது. புரொப்பல்லரின் உதைப்பு மோட்டார் பேரிங்கில் விழாதபடி ஷாஃப்ட்டுக்குத் தனியாக ஒரு த்ரஸ்ட் பேரிங்கும் வைத்தோம். முன்பு அதுவும் கிடையாது.

படகைக் கரை மரத்தில் கட்டிவைத்து முழு வேகத்தில் ஓட்டியபோது 26 ஆம்பியர். அவிழ்த்து விட்டதும் 13. குச்சிக்குக் குச்சி 55 விநாடி. அதாவது வேகம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான், தம்பியின் முகமும் வாடியது. நூறு மீட்டருக்கு 7 விநாடி மிச்சப்படுத்த மூன்றரை மடங்கு கரண்டைக் கொட்டிக்கொண்டிருந்தோம் என்பதை உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். வேகம் கூடக் கூட, தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட மும்மடியாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. அவரே இப்போது மணிக்கு 5 கிலோமீட்டரில் தீனி போட்டுக்கொண்டு போகிறார், 6 ஆம்பியர்தான் இழுக்கிறது. முன்பு மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்று ஏற்றிய 100 ஆம்பியர்-மணி பாட்டரிகளை இப்போது ராத்திரி மட்டும் ஏற்றுகிறார். காயில் கட்டி ஒன்பது மாதமாகிறது, மோட்டார் என் பட்டறைக்குத் திரும்பவில்லை.

மின்படகே உதவாது என்று சிலர் சொல்வதையும் கேட்கிறேன். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் போகும் 'ஆதித்யா' சூரிய மின்படகு 2017-இல் ஓடத் தொடங்கியது. பொருத்தம் பார்த்துச் செய்தால் இங்கேயும் ஓடும்.

ஊராட்சிகளும் குத்தகைதாரர்களும் ஒப்பந்தம் போடும்போது புரொப்பல்லரின் விட்டம், பிட்ச், அது சுற்றும் வேகம், பல்சக்கர விகிதம் எல்லாவற்றையும் எழுதி வாங்க வேண்டும். ஆள் ஏற்றி, கட்டிவைத்தும் ஓட்டியும் ஆம்பியர் காட்டச் சொல்ல வேண்டும். ஆகாயத்தாமரை வேர் ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டால் எந்தப் பொருத்தமும் காப்பாற்றாது, ஆகவே சரியான ஃபியூஸும் கட்டாயம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பட்டறை விடுமுறை. மதுரையைச் சுற்றி எந்தக் கண்மாயில் மின்படகு இறக்கினாலும் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்து அளந்து தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் தங்கள் வாசகி,
ஆரப்பாளையம், மதுரை.