அட்டைகளை எண்ணினால் ஆட்களின் கணக்கு வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றுக் கலனைச் சுமந்து கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங்கைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கடலடிச் சுற்றுலாக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். கர்நாடகக் கடலில் உள்ள நேத்ராணி, அந்தமானின் ஹேவ்லாக், லட்சத்தீவின் பங்காரம் என்று தமிழில் அதிகம் எழுதப்படாத இடங்களைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் ‘உலகெங்கும் மூன்று கோடிப் பேர் ஸ்கூபா டைவிங்கில் ஈடுபடுகிறார்கள்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அது தவறு. பெங்களூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன்; வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் டைவ் செய்யப் போகிறவளும்கூட. இந்த எண்ணை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

மூன்று கோடி எங்கிருந்து வருகிறது? பி.ஏ.டி.ஐ. என்ற பயிற்சி நிறுவனம் 1966-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அது தொடக்கத்திலிருந்து இன்றுவரை வழங்கிய சான்றிதழ் அட்டைகளைக் கூட்டினால் ஏறக்குறைய மூன்று கோடி வரும். ஒருவரே முதலில் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைப் படிப்பை முடிக்கிறார், 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். பிறகு அட்வான்ஸ்ட், 30 மீட்டர். அதன்பின் ரெஸ்க்யூ, டைவ் மாஸ்டர், நடுவே நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்று), இரவு டைவிங் என்று சிறப்புப் படிப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை. இந்த அட்டைகளுக்குக் காலாவதித் தேதி கிடையாது. 1975-இல் நாற்பது வயதில் கற்றவருக்கு இன்று தொண்ணூறு வயதாகியிருக்கும். அவர் இறந்திருந்தாலும் அவருடைய அட்டை கூட்டலில் இருந்துகொண்டேதான் இருக்கும். தேனிலவுக்குப் போன இடத்தில் கற்றுக்கொண்டு, பிறகு கடல் பக்கமே போகாதவர்களும் அதில் அடக்கம்.

இன்னொரு பக்கம், அந்த எண் எல்லாரையும் உள்ளடக்கியதும் அல்ல. 1953-இல் தொடங்கிய பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப், 1959-இல் உருவான சர்வதேசக் கூட்டமைப்பான சி.எம்.ஏ.எஸ்., 1970-இல் வந்த எஸ்.எஸ்.ஐ. ஆகிய பயிற்சி அமைப்புகளின் அட்டைகள் வேறு. இரண்டு நிறுவனங்களின் அட்டையும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். தூத்துக்குடியிலும் பாம்பன் பக்கத்திலும் பிழைப்புக்காகச் சங்கு குளிக்கிறவர்களோ எந்த அட்டைக் கணக்கிலும் வருவதில்லை.

கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் வேறு எண்ணைச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் விளையாட்டுத் தொழில் சங்கம் ஆண்டுதோறும் மக்களிடம் கேட்டு ஆய்வு நடத்துகிறது. ஆண்டில் ஒரு முறையாவது ஸ்கூபா செய்ததாகச் சொல்கிறவர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரும்பாலும் 25 முதல் 31 லட்சத்துக்குள் இருக்கிறார்கள். அவர்களிலும் பெரும்பகுதியினர் ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாகவே டைவ் செய்கிறவர்கள். டைவிங் வணிகர்களின் சங்கமான டெமா, உலகம் முழுவதும் தொடர்ந்து டைவ் செய்கிறவர்கள் அறுபது லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறது. விற்பனைக்காரர்களின் சங்கமே சொல்லும் எண் உங்கள் கட்டுரையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

இந்தியாவுக்கு இப்படி ஒரு மதிப்பீடு வேண்டுமென்றால் வீடு வீடாகக் கேட்பது பலன் தராது. இவ்வளவு அரிதான ஒரு பழக்கத்தைப் பற்றிப் பத்தாயிரம் பேரிடம் கேட்டால் உண்மையாகச் செய்கிறவர் ஓரிருவர் கிடைக்கலாம். நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாய் வழியாக மூச்சுவிடும் ஸ்நார்க்கலிங்கையும் ஸ்கூபாவையும் ஒன்றாக நினைத்து ‘ஆமாம்’ என்பவர்கள் அவர்களைவிட அதிகமாக இருப்பார்கள். கிடைக்கும் விடை முழுவதும் பிழையால் நிரம்பிவிடும். நம் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒருவரின் 24 மணி நேரத்தைத்தான் பதிவு செய்கிறது. ஆண்டில் நான்கு நாள் டைவ் செய்கிறவர் அந்த வலையில் சிக்குவது அபூர்வம்.

பயிற்சி நடக்கும் இடத்தை வைத்து எண்ணலாமா என்றால் அதிலும் சிக்கல். பெங்களூரில் வார இறுதிகளில் நீச்சல் குளங்களில் ஸ்கூபா வகுப்பு நடக்கிறது. என் பழைய மாணவன் ஒருவன் இப்போது அப்படிப்பட்ட வகுப்பில் இன்ஸ்ட்ரக்டர். “மேடம், பூல் முடிச்சவங்க எல்லாரும் கடலுக்கு வர்றதில்ல. வர்றவங்கள்லயும் பாதிப் பேர் அந்தமான்லயோ பாலியிலயோ போய் கோர்ஸை முடிச்சுக்கறாங்க” என்றான். அட்டை எங்கே வழங்கப்பட்டது என்பதை வைத்து எண்ணினால் பெங்களூர் அல்சூரில் குடியிருக்கிறவர் இந்தோனேசியக் கணக்கில் சேர்ந்துவிடுவார். எதிர்ப்பக்கத்தில், நேத்ராணிக்குப் படகு கிளம்பும் முருடேஸ்வரிலும், மகாராஷ்டிரத்தின் மால்வணிலும், கோவாவிலும் நல்ல பருவத்தில் தினமும் படகு படகாக ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஸ்ட்ரக்டரின் பிடியிலேயே சில நிமிடங்கள் கீழே இருந்து, மீனோடு படம் எடுத்துக்கொண்டு மேலே வருகிறவர்கள். அவர்களுக்கு அட்டை கிடையாது. ஆனால் அன்று அந்தப் பவளப்பாறையின் மேல் இருந்தவர்களில் அவர்களே அதிகம்.

ஆகவே யாரை எண்ணப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அட்டை உள்ளவர், கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒரு டைவாவது செய்தவர்: இவரையே ‘ஈடுபடுகிறவர்’ என்பேன். ஒருமுறை ஆசைக்கு இறங்கியவர்களைத் தனியாக எண்ண வேண்டும். இரண்டையும் கலந்தால் எதற்கும் உதவாத எண்தான் மிஞ்சும்.

எண்ணும் வழிக்குக் கர்நாடகத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. நாகரஹொளே காட்டில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990-களில் கேமரா வைத்துப் புலிகளை எண்ணினார். அதுவரை நாடு முழுவதும் கால்தடத்தை வைத்துத்தான் கணக்கு. ஒரே புலியின் தடம் பல புலிகளாகப் பதிவாகும் ஆபத்து அதில் இருந்தது. 2005-இல் ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று தெரியவந்தபோதுதான் நாடே விழித்துக்கொண்டது. 2006-இலிருந்து தேசியக் கணக்கெடுப்பும் கேமரா வழிக்கு மாறியது. புலியின் வரிகள் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். முதல் சுற்றில் படமானவற்றில் எத்தனை மறு சுற்றிலும் படமாகின்றன என்பதிலிருந்து படத்தில் விழாதவற்றையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். இதுதான் மறுபிடிப்புக் கணக்கு.

டைவர்களையும் இப்படி எண்ணலாம். விளக்கத்துக்காக மட்டும் ஓர் எண் வைத்துக்கொள்கிறேன். டிசம்பரில் முருடேஸ்வரில் 400 பேரைப் பதிவு செய்கிறோம். பிப்ரவரியில் ஹேவ்லாக்கில் 500 பேரைப் பதிவு செய்கிறோம். அவர்களில் 20 பேர் முதல் பட்டியலிலும் இருக்கிறார்கள். அதாவது இருபத்தைந்தில் ஒருவர். அப்படியானால் மொத்தம் 400-ஐப் போல இருபத்தைந்து மடங்கு, 10,000. இதில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. அடிக்கடி போகிறவர்கள் இரண்டு இடத்திலும் அகப்படுவார்கள், மதிப்பீடு உண்மையைவிடக் குறையும். சென்னைக்காரர் நேராக அந்தமானுக்குப் போய்விடுவார், முருடேஸ்வர் பக்கம் வரமாட்டார். அப்போது மதிப்பீடு கூடும். அட்டை எண்ணை நம்பினால் இரண்டு நிறுவன அட்டை வைத்திருப்பவர் இருவராகிவிடுவார். ஆகவே பிறந்த தேதியும் வேண்டும். புதுச்சேரி, லட்சத்தீவு, கோவா என்று பட்டியல்கள் கூடக்கூட இந்தப் பிழைகளை அளந்து திருத்தவும் முடியும். இதெல்லாம் என் மாணவர்களே செய்யக்கூடிய கணக்கு.

இவ்வளவு பாடு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். விபத்து விகிதத்தின் கீழ்த் தொகை, அதாவது இறப்புகளை வகுக்கும் எண், இதுதான். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பின் காப்பீடு பெற்ற உறுப்பினர்களில் 2000 முதல் 2006 வரை லட்சத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 16 பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ் கிளப்பில் சுமார் 14 பேர். அந்த எண்களை நம்ப முடிவதற்குக் காரணம், அந்தந்த ஆண்டு எத்தனை உறுப்பினர்கள் என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அதே இறப்புகளை எல்லாக் காலத்து அட்டைகளாலும் வகுத்தால் டைவிங் பல மடங்கு பாதுகாப்பானதாகத் தெரியும். அந்தப் பொய் ஆறுதலை நம்பி ஒருவர் மருத்துவ வினாத்தாளில் இதய நோயை மறைத்தால் உயிர் போகும்.

பவளப்பாறைக்கும் இதே கதி. 1990-களில் செங்கடலில் ஆய்வு செய்த ஜூலி ஹாகின்ஸும் கேலம் ராபர்ட்ஸும் ஓர் இடத்தில் ஆண்டுக்கு 5,000 முதல் 6,000 டைவ் வரை பாறை தாங்கும் என்று பரிந்துரைத்தார்கள். நேத்ராணி எவ்வளவு தாங்கும் என்பது வேறு கேள்வி. அங்கே ஆண்டுக்கு எத்தனை டைவ் நடக்கிறது என்று எண்ணாமல் அதைக் கேட்கவே முடியாது. 1998, 2010, 2016 ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்துப்போன பவளங்கள் லட்சத்தீவில் மெல்ல மெல்லத்தான் மீள்கின்றன. மீளும் பாறையின் மேல் எத்தனை துடுப்புக்கால்கள் படுகின்றன என்று தெரிந்தே ஆக வேண்டும்.

தரவு இல்லாமல் இல்லை. படகு ஏறுமுன் ஒவ்வொருவரும் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள். அந்தக் காகிதங்கள் அலமாரிகளில் கிடக்கின்றன. கர்நாடகம், கோவா, மகாராஷ்டிரம், அந்தமான், லட்சத்தீவு நிர்வாகங்கள் டைவிங் நடத்துகிறவர்களிடம் மாதம் ஒரு தாளில் மூன்று எண்களைக் கேட்டு வாங்கி வெளியிட்டால் போதும்: அட்டையுள்ளவர் எத்தனை பேர், முதல்முறை இறங்கியவர் எத்தனை பேர், மொத்தம் எத்தனை டைவ். பெயரை வெளியிடத் தேவையில்லை. மறுபிடிப்புக் கணக்குக்கு வேண்டிய அடையாளத்தைக் குறியீடாக மாற்றி ஒரு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கலாம்.

அதுவரை பத்திரிகைகள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை இந்த எண்ணை அச்சிடும்போது, ‘இதுவரை வழங்கப்பட்ட அட்டைகள்’ என்று எழுதுங்கள். சென்ற இதழின் அந்த வரிக்கும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு