பாஸ்பேட் பூஜ்யம் ஆனால் பாசி போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பவளத் தொட்டி வைப்பது பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை பயனுள்ளது. அதில் ஒரு யோசனை மட்டும் ஆபத்தானது. பாறையில் பச்சைப் பாசி படர்ந்தால், பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் உப்பை நீக்கும் குருணையை ரியாக்டர் (பம்பால் தண்ணீர் செலுத்தும் குழல்) நிறையப் போட்டு ஓடவிட்டால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்கிறது கட்டுரை. அப்படிச் செய்தால் பாசி போகுமோ இல்லையோ, பவளம் போய்விடும்.

ஜிஎஃப்ஓ என்று கடையில் கேட்டு வாங்கும் அந்தச் செம்பழுப்புக் குருணை இரும்பு ஆக்சைடு. தண்ணீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் அதன் மேல் ஒட்டிக்கொள்கின்றன. புதுக் குருணைக்கு முதல் ஓரிரு நாள் பசி அதிகம். முழு அளவையும் ஒரேயடியாகப் போட்டால் பாஸ்பேட் மளமளவென்று சரியும். காரத்தன்மையும் சற்று இறங்கும். அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்கள் முதலில் வெளிறும், பிறகு அடியிலிருந்து சதை உரியத் தொடங்கும். 200 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம் என்று டப்பாவில் எழுதியிருந்தால் 20 அல்லது 25 கிராமில் தொடங்குவதே சரி. இன்று பாஸ்பேட் 0.30 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருந்தால் அடுத்த வாரம் 0.15, அதற்கடுத்த வாரம் 0.08 என்று இறங்கினால் போதும். பாஸ்பேட் 0.03 முதல் 0.10 வரையும், பாசியின் இன்னொரு உரமான நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் வரையும் இருப்பது நல்லது. இரண்டில் எதையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகத் தேவையில்லை.

ரியாக்டர் வேலை செய்யவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி நீரோட்டம்தான். குருணையைப் போட்டதும் வெளிவரும் குழாயை வாளியில் விட்டு, ஆர்ஓ (நுண்சவ்வில் வடிகட்டிய) நீரால் தெளியும்வரை அலச வேண்டும்; இல்லையெனில் துருத்தூள் தொட்டி முழுக்கப் படியும். ஓட்டம் கீழிருந்து மேலே போக வேண்டும். உலையில் அரிசி கொதிக்கத் தொடங்கும்போது மேலே மட்டும் லேசாகப் புரளுமே, குருணை அந்த அளவு அசைந்தால் போதும். மொத்தமும் சுழன்றால் ஒன்றோடொன்று உரசிப் பொடியாகும். அசையாமல் கிடந்தால் தண்ணீர் ஒரே பொந்து வழியாக ஏறிப் போய்விடும். மற்ற இடமெல்லாம் கால்சியம் கார்பனேட்டும் பாக்டீரியா வழவழப்பும் சேர்ந்து செங்கல்லாக இறுகும். சுமார் 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரியாக்டருக்கு மணிக்கு 120 முதல் 240 லிட்டர் போதும். வெளிக்குழாயை அளவுக் குவளையில் 30 விநாடி பிடித்தால் 1 முதல் 2 லிட்டர் சேர வேண்டும். முதல் நாள் சரியாக ஓடி ஒரு வாரத்தில் நின்றுபோகிறதென்றால் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சில் கசடு அடைத்திருக்கிறது. பம்பை, வடிகட்டும் பெட்டியில் கசடு பிடிக்கும் பைக்கு அடுத்த அறையில் வைத்தால் அந்தத் தொல்லை குறையும். ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு நுழைவுப் பக்கம் இருக்கட்டும். வெளிப்பக்கம் மூடினால் அழுத்தம் குழலுக்குள் ஏறி, மூடியின் ஓ-ரிங் வழியாகச் சொட்டும்.

ரியாக்டரில் போடும் கரித்துகளுக்கு இந்தப் புரளல் பொருந்தாது. அதை இரண்டு ஸ்பாஞ்சுக்கு நடுவில் அசையாமல் அடக்கி, மெதுவான ஓட்டத்தில் விட வேண்டும். மின்சாரம் நின்று பல மணி நேரம் கழித்து வந்தால், எந்த ரியாக்டரானாலும் உள்ளே தேங்கியிருந்த முதல் இரண்டு லிட்டரைத் தொட்டிக்குள் விடாமல் கொட்டிவிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு.

குருணை தீர்ந்துவிட்டதா என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்வது வீண் செலவு. தொட்டி நீரிலும் ரியாக்டர் வெளிக்குழாய் நீரிலும் ஒரே நேரத்தில் பாஸ்பேட் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் குருணை செத்துவிட்டது. வெளியே குறைவாகவும் தொட்டியில் அதிகமாகவும் இருந்தால் ரியாக்டர் உழைக்கிறது, உள்வரவுதான் அதைவிட அதிகம். ஹானா நிறுவனத்தின் சாதாரண பாஸ்பேட் செக்கர் என்ற சோதனைக் கருவியின் பிழையெல்லை 0.04 பிபிஎம். 0.03ஐத் தேடுபவருக்கு அது உதவாது. பாஸ்பரஸை பிபிபியில் (நூறு கோடியில் இத்தனை பங்கு) காட்டும் செக்கர் நுட்பமானது. அதில் 20 என்று வந்தால் 3.066ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும், பாஸ்பேட் ஏறக்குறைய 0.06 பிபிஎம். குப்பியில் கைரேகையோ குமிழியோ இருந்தால் எண் பொய் சொல்லும்.

பாறை நிறையப் பாசி, சோதனையில் 0.00 என்றால் குழம்ப வேண்டாம். வருவதையெல்லாம் பாசி உடனே தின்றுவிடுகிறது, தின்றது போக மிச்சம்தான் சோதனைக்குக் கிடைக்கிறது. இன்னொன்று, பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட். பழைய பாறை மாதக்கணக்கில் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருக்கும். தண்ணீரில் அளவு இறங்கியதும் அதைத் திருப்பி விடும். குருணையை எடுத்த சில நாளில் எண் மீண்டும் ஏறுவது இதனால்தான். சில வாரங்கள், சில சமயம் மாதங்கள் பொறுமை வேண்டும்.

அடுத்து, ஆவியாகும் நீருக்கு ஈடாக ஊற்றும் தண்ணீர். சில்லர் என்ற குளிரூட்டும் கருவி இல்லாமல் மின்விசிறியால் குளிர்விக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் நாளுக்குச் சில லிட்டர் ஆவியாகும். அந்த நீரில் 0.1 பிபிஎம் பாஸ்பேட் இருந்து, தினம் 5 லிட்டர் ஊற்றினால், 200 லிட்டர் தொட்டியில் மாதத்துக்கு 0.075 சேரும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமி நீக்கத்துக்குக் குளோரினும் அம்மோனியாவும் இணைந்த குளோரமின் சேர்க்கப்படுகிறது. ஆர்ஓ கருவியின் கரி வடிகட்டி அதை உடைக்கும்போது அம்மோனியா பிரிந்து, மிச்ச உப்பைப் பிடிக்கும் டிஐ ரெசினுக்குப் போகிறது, ரெசின் சீக்கிரம் தீர்கிறது. கரி தேய்ந்துபோனால் மெம்பிரேன் என்ற ஆர்ஓ சவ்வும் கெடும். ஆகவே இரண்டு கரி வடிகட்டிகள் வரிசையாக வேண்டும். கரியைத் தாண்டிய நீரில் மொத்தக் குளோரினைச் சோதித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் குளோரினைக் காட்டாது. ரெசின் தீரும்போது முதலில் நழுவுவது சிலிக்கேட், அதையும் மீட்டர் சரியாகக் காட்டாது. சிலிக்கேட்டால் வளரும் தூள் போன்ற பழுப்புப் படலம் கண்ணாடியில் திரும்பத் திரும்ப வந்தால் ரெசினைச் சந்தேகியுங்கள்.

எல்லாப் பழுப்பும் ஒன்றல்ல. கோழை போல இழை இழையாகத் தொங்கி, நுனியில் குமிழி வைத்து, இரவில் குறைந்து பகலில் கூடினால் அது பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச்செல் உயிர். கொஞ்சத்தை எடுத்துப் புட்டியில் நன்றாகக் குலுக்கி, காப்பி வடிகட்டும் தாளில் வடித்து, வடிந்த நீரை ஒரு மணி நேரம் விளக்கடியில் வையுங்கள். மீண்டும் இழையாகத் திரண்டால் பெரும்பாலும் அதுவேதான். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யமான தொட்டியில்தான் இது பெரும்பாலும் தலைவிரித்தாடும். உடனே ரியாக்டரை நிறுத்தி, இரண்டையும் மேலே கொண்டுவர வேண்டும். கட்டுரை சொன்ன வழியில் போகிறவர் வந்து சேரும் இடம் பல நேரம் இதுதான். தகடு தகடாக உரிந்து வரும் சிவப்புப் படலம் சயனோபாக்டீரியா. அதற்கும் குருணை மருந்தல்ல.

உண்மையான பச்சை முடிப்பாசியென்றால் முதலில் கை வேலை. பாறையை வெளியே எடுத்து, தொட்டி நீர் நிரப்பிய வாளியில் பல்துலக்கியால் தேய்த்து அலசி, அந்த நீரைக் கொட்டுங்கள். நீண்ட முடியை நத்தை பெரும்பாலும் தின்னாது. குட்டையாக்கிவிட்டால் ட்ரோக்கஸ், டர்போ நத்தைகள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் ரியாக்டர். இன்னொரு எச்சரிக்கை: அலுமினியம் கலந்த வெள்ளை நிற நீக்கிகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றைப் போட்டால் தோல்பவளங்கள் சுருங்கிக்கொள்வதுண்டு.

அடுத்த பதிப்பில் அந்த ஒரு யோசனையையாவது திருத்தி வெளியிடுங்கள். பள்ளி விடுமுறையில் புதிதாகத் தொட்டி வைக்கும் பிள்ளைகள் அதை அப்படியே செய்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈசூன்