சுடுகாட்டுப் பூவும் டாக்டர் நோபிளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரத்தப் புற்றுநோய்க்கு வந்திருக்கும் புது மருந்துகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் பழைய மருந்தான வின்கிறிஸ்டினை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மருந்து எடுக்கும் செடி எங்கள் ஊர் மணலில் கிடக்கிறது.

வாலிநோக்கம் பக்கம் வந்தால் காட்டுகிறேன். உடைமரத்தடியில், கபர்ஸ்தான் சுவரோரம், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடமெல்லாம் ஐந்து இதழோடு ரோஸ் நிறத்திலும் வெள்ளையிலும் பூத்திருக்கும். ஆடுகூட வாய் வைக்காது. நித்தியகல்யாணி என்று அழகான பெயர் இருந்தும் நாங்கள் சுடுகாட்டுப் பூ என்றுதான் சொல்வோம்.

1952இல் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளருக்கு இந்தச் செடியின் 25 இலைகள் கிடைத்தன. டாக்டரான அவருடைய அண்ணன் கிளார்க்குக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு நோயாளி அனுப்பியவை. அங்கே சர்க்கரை நோய்க்கு இந்த இலையில் டீ போட்டுக் குடிப்பார்களாம். (இன்சுலினைக் கண்டுபிடித்த டாக்டர் பான்டிங்குக்கு அந்த ஆராய்ச்சியில் முதலில் யார் உதவிக்குப் போவது என்று காசு சுண்டிப் போட்டதில் தோற்றவர் இந்தக் கிளார்க்.) நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியதும் எலிகள் சில நாளில் கிருமி தொற்றிச் செத்தன.

வேறொருவராக இருந்தால் இலையைக் குப்பையில் போட்டிருப்பார். அவர் எலியின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜையும் வற்றியிருந்தது. முப்பது வருடம் அரசு ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வெள்ளை அணு எண்ணியவன் என்பதால் சொல்கிறேன், எண்ணிக்கை குறைந்தால் எங்களுக்குப் பயம்தான் வரும். வெள்ளை அணு பெருகி ஆள் சாகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது ஆகுமே என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. 1954இல் சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் வந்து சேர்ந்தார். 1958இல் இருவரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். அது ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு மருந்தானது. அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டினை எடுத்தது அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனி. 1963இல் அனுமதி கிடைத்தது. நோபிள் அப்புறம் வான்கூவருக்குப் போய் அங்கே புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தை 1975 வரை நடத்தினார். 1990இல் காலமானார்.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்க உள்ளே கயிறு மாதிரி இழைகள் உருவாகும். வின்கிறிஸ்டின் அந்தக் கயிற்றைத் திரிக்க விடாது. பிரிய முடியாமல் செல் செத்துப்போகும். நரம்பிலும் அதே இழைகள் இருப்பதால் அங்கேயும் கை வைக்கும். என் மச்சினர் பேத்திக்கு வாராவாரம் இந்த ஊசி போட்ட காலத்தில் விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றாள். அவள் அம்மா பொத்தானைப் பிய்த்துவிட்டு அழுத்து பட்டன் தைத்துக் கொடுத்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பொத்தானும் போடுகிறாள், வாயும் நன்றாகவே பேசுகிறாள்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிற அம்மா போன வாரம் சுருக்குப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். உள்ளே காய்ந்த நித்தியகல்யாணி இலை. “சுகருக்கு நல்லா கேக்குமாம்ண்ணே, சந்தையில அம்பது ரூவா” என்றார். எழுபது வருடத்துக்கு முன்னால் எலியிடம் பலிக்காத வைத்தியம்! ரத்த அணுவையும் நரம்பையும் தாக்கும் சரக்கு இருக்கிற செடியை அளவு தெரியாமல் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள். டன் கணக்கில் இலையைக் கொட்டிக் கிராம் கணக்கில் எடுத்து, மில்லிகிராம் பார்த்து டாக்டர் ஏற்றுகிற மருந்து அது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பொட்டலத்தை அவர் மறுபடியும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே.

பத்திரிகையில் வந்தால் ஒருவேளை நம்புவார். அதனால் நோபிளைப் பற்றி அரைப் பக்கமாவது போடுங்கள். பூவின் படம் வேண்டுமென்றால் நானே எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநர்,
வாலிநோக்கம், ராமநாதபுரம் மாவட்டம்