ரகசியம் பதவி பார்க்குமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

போர்க்காலத்தில் ரகசியங்களைக் கசியவிடுபவர்களைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்று தலையங்கம் எழுதியிருந்தீர்கள். ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அதில் மறுப்பில்லை. யாரைத் தண்டிப்பது என்பதில்தான் வழக்கு.

ரகசியச் செய்திகளைப் பூட்டவும் திறக்கவும் உதவும் சங்கேதத் தாளைக் கையெழுத்திட்டு வாங்குவோம். வேலை முடிந்ததும் சாட்சி வைத்து எரித்து, எரித்ததற்கும் கையெழுத்திடுவோம். ஒரு தாள் கணக்கில் குறைந்தால் அன்றிரவு யாருக்கும் தூக்கம் கிடையாது.

உக்ரைன் போர் பற்றிய அமெரிக்க ரகசிய ஆவணங்களை டிஸ்கார்ட் என்ற இணைய அரட்டையில் போட்ட அமெரிக்க விமானப்படை தேசியக் காவல் பிரிவு வீரர் ஜாக் டெய்ஷெய்ரா 2023-இல் கைதானபோது அவருக்கு வயது 21. 2024 நவம்பரில் 15 ஆண்டு சிறை விதித்தார்கள். தகும். அந்த ஆவணங்களில் ஒன்றில் ரஷ்யாவின் உயிரிழப்பைக் குறைத்தும் உக்ரைனின் உயிரிழப்பைக் கூட்டியும் திருத்தி யாரோ டெலிகிராமில் உலவவிட்டார்கள். அதை மட்டும் பொய் என்று அரசு மறுத்தால், மறுக்காதவை எல்லாம் மெய் என்றாகிவிடும். பேசாமல் இருந்தால் திருத்தியதே உண்மையாகிவிடும். மக்கள் எதைத்தான் நம்புவது?

அந்தத் தீர்ப்பு வந்து நான்கே மாதம். 2025 மார்ச் 15 அன்று ஏமனில் ஹூதி கிளர்ச்சிப் படையினர் மீதான தாக்குதலைப் பற்றி அமெரிக்க அமைச்சர்கள் சிக்னல் செயலியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவில் பத்திரிகை ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க்கும் இருந்தார்; சேர்த்தது பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸின் கைப்பேசி! எஃப்-18 விமானங்கள் 12.15-க்குக் கிளம்பும் என்று பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் 11.44-க்கே எழுதுகிறார். ரகசியக் காப்பில் நமக்குக் குறையொன்றுமில்லை என்று அதிலேயே ஒரு வரி வேறு.

விஷயம் வெளியானதும், அவை ரகசியத் தகவல்களே அல்ல என்று சாதித்தார்கள். விமானம் கிளம்பும் நேரம் ரகசியம் இல்லையென்றால், நாங்கள் அத்தனை காலம் எதை எரித்தோம்? விமானிகளின் குடும்பத்தாரிடம் இதை யாராவது சொல்லிப் பார்க்கட்டும். கசிவையாவது மன்னித்துவிடலாம், இந்த மழுப்பலை எப்படி மன்னிப்பது?

ஹெக்செத் பதவியில் தொடர்ந்தார். வால்ட்ஸை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கி ஐ.நா. தூதராக்கினார்கள். அது தண்டனையா, பதவி உயர்வா என்று அடுத்த தலையங்கத்தில் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவர்