செயலாளரின் ஆண்டறிக்கை 2024: வால்வு செட்டை என்ன செய்வது?

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் அமெச்சூர் (ஹாம்) வானொலி நண்பர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழுக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. தீபாவளி மாதத்தில் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி யாரிடம் என்று அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

இவ்வாண்டு ஒரு மூத்த உறுப்பினரை இழந்தோம். தோட்டத்து பவர்ஹவுஸில் வயர்மேனாக இருந்தவர். மோர்ஸ் தேர்வு எழுதி, 9எம்2 என்று தொடங்கும் மலேசிய அழைப்புக்குறி (வானொலியில் நிலையத்தின் பெயர்) பெற்றவர். லயத்துக்கு மின்சாரம் கொடுத்த எஞ்சின் இரவில் நின்ற பிறகுதான் வானொலியில் இரைச்சல் அடங்கும் என்று, அதற்காகவே காத்திருந்து காடி (கார்) பேட்டரியில் செட்டை ஓட்டியவர். அவர் மகன் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டார். அப்படித்தான் அவருடைய யாயேசு எஃப்டி-101, அதாவது பேசவும் கேட்கவும் உதவும், வால்வு (வெற்றிடக் குழாய்) போட்ட பழைய வானொலி செட், சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய க்யூஎஸ்எல் அட்டைகள் (பேசியதை உறுதிசெய்து நிலையங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் அட்டைகள்). அவற்றில் மலாயா காலத்து விஎஸ்2 அழைப்புக்குறி போட்டவையும் உண்டு.

செட்டை என்ன செய்வது என்பதில் செயற்குழு இரண்டாகப் பிரிந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து அவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்றது ஒரு தரப்பு. ஓட்டிப் பார்க்கலாம் என்றது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. அதை மறைத்து நடுநிலை பேச விரும்பவில்லை. வாக்கெடுப்பில் எங்கள் பக்கம் வென்றது.

மூடியைத் திறந்தால் மின்மாற்றி ஓரத்தில் பல்லி முட்டைகள், விசிறியில் குளவிக்கூடு. பல வருடம் சும்மா கிடந்த செட்டுக்கு ஒரேயடியாக 240 வோல்ட் கொடுத்தால் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் (மின்தேக்கிகள்) வெடிக்கக்கூடும். அதனால் வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் மின்மாற்றி) வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டை ஏற்றினோம், சூடேறியவற்றை மாற்றினோம். உள்ளே 600 வோல்ட் ஓடுகிறது, சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். இதைக் கேட்டதும் இளையவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது நல்லதற்குத்தான். இன்னொரு உறுப்பினர் ஜப்பானிலிருந்து வாங்கிய பழைய கென்வூட் செட்டையும் அன்று கொண்டுவந்திருந்தார். அது அந்த நாட்டு 100 வோல்ட்டுக்குக் கட்டியது என்பதை ப்ளக்கில் செருகுவதற்குச் சற்று முன்தான் கவனித்தோம்.

இந்த 101-இல் வால்வு மூன்றே மூன்று: ஒரு 12பிஒய்7ஏ, இரண்டு 6ஜேஎஸ்6சி. மற்றதெல்லாம் டிரான்சிஸ்டர். ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு வெறுமனே கேட்கலாம், பேச வேண்டுமென்றால்தான் வால்வு சூடாக வேண்டும். பேசுவதற்கு முன் செட்டைக் கையால் ட்யூன் செய்ய வேண்டும்: ப்ரீசெலக்டர் என்ற அலை தேர்வுக் குமிழைத் திருப்பி உச்சம் பிடித்து, 'பிளேட்' குமிழைத் திருப்பி மீட்டர் முள் சட்டென்று கீழே குதிக்கும் இடத்தைக் கண்டு, 'லோடிங்'கை ஏற்றி, மறுபடி பிளேட். எல்லாம் சில விநாடிக்குள். தாமதித்தால் வால்வின் தகடு சிவந்துவிடும். புதிய செட்டுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. நம் மூத்தவர்களின் அந்தக் காலக் கதைகளை எத்தனை 'தே தாரே' (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்தும் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த முள் குதிப்பதை விரல் பழக வேண்டுமே, அது கண்ணாடிப் பெட்டிக்குள் நடக்காது.

மே 11, சனிக்கிழமை காலை செட்டை 40 மீட்டர் அலைவரிசையில் போட்டிருந்தோம். இந்தோனேசிய நிலையங்கள் நன்றாகவே வந்துகொண்டிருந்தன. ஒன்பதரை மணிவாக்கில் எல்லாம் செத்துப்போனது. "வால்வு போச்சு" என்றார் ஒரு பெரியவர். கேட்பதற்கு வால்வே தேவையில்லையே என்றான் ஒரு தம்பி. சரி, ஆண்டெனாதான் அறுந்திருக்கும் என்று வெளியே ஓடிப் பார்த்தோம்; கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம்தான் கைப்பேசியில் செய்தி பார்த்தோம். மலேசிய நேரம் காலை 9.23-க்கு சூரியனில் எக்ஸ்5.8 அளவிலான (எக்ஸ் என்பது மிகத் தீவிரமான வகை) வெடிப்பு உச்சம் தொட்டிருந்தது. பகல் பக்கம் இருந்த நாடுகளுக்கெல்லாம் சிற்றலை மங்கியது. சூரியனின் சுமார் 11 ஆண்டுச் செயல்பாட்டுச் சுழற்சியில் 25-ஆவதன் உச்சத்தை ஒட்டிய ஆண்டு என்பதால் மற்ற நாட்களில் 10 மீட்டர், 15 மீட்டர் அருமையாக இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் சாரணர்களின் ஜோட்டா, அதாவது வானொலி வழி உலகச் சந்திப்பு. தமிழ்ப்பள்ளிச் சாரணர்கள் வந்தார்கள். ஆண்டெனாவுக்குப் பதிலாக, அலை வெளியே போகாத டம்மி லோடில் இணைத்து, உரிமம் பெற்றவர் பக்கத்திலிருக்க, ஒவ்வொருவரையும் ட்யூன் செய்யவிட்டோம். ஒரு சிறுமி இரண்டாவது முயற்சியிலேயே முள்ளைச் சரியாகப் பிடித்தாள். அதற்கு மேல் நேரமெடுத்த பெரியவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

இனி செய்ய வேண்டியவை. 6ஜேஎஸ்6சி தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்ட வால்வு; டிவியில் வால்வு போனதும் இதன் உற்பத்தியும் நின்றது. அதற்குப் பதில் 6146பி என்ற வேறு வால்வைப் போட வேண்டுமானால் உள்ளே மாற்றம் செய்ய வேண்டும். பழைய ரேடியோ கடை வைத்திருந்த குடும்பம் யாருக்காவது தெரிந்தால், ஸ்டோரில் தேடச் சொல்லுங்கள். 1979 உலக வானொலி மாநாட்டில் ஒதுக்கிய 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் இந்த செட்டில் பேச முடியாது. அதைச் சொல்லிக் குறைபட வேண்டாம். வேரியாக் இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுக்க வேண்டும். அறைச் சாவி என்னிடமும் தலைவரிடமும் இருக்கிறது. பயிற்சிக்கு வருபவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டு வாருங்கள். தனியாக யாரும் மூடியைத் திறக்க வேண்டாம்.

நன்றி.
செயலாளர்