பூட்டிய வீடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அவளுக்கு முழங்கால் வலி தேவலை. மேற்கு அறைக்கு ஓடு மாற்றியாயிற்று, உன் மாமா சொன்ன அதே ஆளை வைத்துத்தான். நேற்று சித்திரை ஒன்று. நீ கூப்பிடுவாய் என்று அம்மா போனை மடியிலேயே வைத்திருந்தாள். ராத்திரி பதினொன்றுக்கு உன் குரல் பதிவு வந்தது. இருபது விநாடி. வேலை அதிகம் என்றாய். சரி.

ஏப்ரல் 14 உங்கள் ஆட்களுக்கும் நாள்தானே, உலக சாகஸ் நோய் நாள். 1909இல் அதே தேதியில் பிரேசிலின் லாசன்ஸ் ஊரில் இரண்டு வயதுப் பெண் குழந்தை பெரெனிஸின் ரத்தத்தில் டாக்டர் கார்லோஸ் சாகஸ் அந்த நோயின் கிருமியைக் கண்டார் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவர் அங்கே போனதே ரயில் பாதை போடுகிறவர்களின் மலேரியாவைத் தடுக்கத்தான் என்றபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! நம் தொழில்காரர். முப்பது வருஷம் மலேரியாவுக்கு மருந்தடித்தவன் மகள் பொலிவியாவில் போய் அந்தக் கிருமியைப் பரப்புகிற வின்சூகா பூச்சியைத் தேடுகிறாள் என்று டீக்கடையில் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வண்டு என்பேன், மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு என்று நீ திருத்துவாய். கோழி விஷயத்தைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கோழிக்கு அந்தக் கிருமி தொற்றாது, ஆனால் கோழி ரத்தத்தைக் குடித்துத்தான் பூச்சி பெருகுகிறது. பெருகினது நாயிடம் போய்க் கிருமியை வாங்கிக்கொண்டு மனுஷனிடம் வருகிறது. இதை ஒரு வீட்டுக் கோழிக்கூட்டைக் காட்டி எனக்கு நீ விளக்கினாயே, அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதே. கொசுவலையை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகு. படுக்கும் முன் டார்ச் அடித்துப் பார், கால்மாட்டில் மட்டுமல்ல, தலைமாட்டிலும். நீ இருக்கிற சாக்கோ பக்கத்தில் கோடை என்றால் முற்றத்தில் படுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறாய். அவர்கள் படுக்கட்டும், நீ வலையில்லாமல் படுக்காதே. கொசு என்றால் பெண் மட்டும்தான் குடிக்கும், அதுவே எனக்குப் போதும் போதுமென்றிருந்தது. இதில் ஆண், பெண், முட்டையிலிருந்து வந்த பொடிக்குஞ்சு எல்லாமே குடிக்கிறது. ஐந்து முறை தோலுரிக்க வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் ரத்தம் வேண்டும், கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் சுவர் வெடிப்பில் பட்டினி கிடக்கும். அங்கே டெல்டாமெத்ரின் பூச்சிமருந்து அடித்த சுவரிலேயே சாகாத பூச்சிகள் இருக்கின்றன என்கிறாய். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி கவனமாக இருக்க வேண்டாமா? உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஊருக்கெல்லாம் நீதான் சொல்கிறாய்.

பொங்கலுக்கு நீ அனுப்பிய படத்தைப் பற்றி எழுத வேண்டும்.

உன் வலது கண். அம்மா பார்த்துவிட்டு "அழுதிருக்கிறாள்" என்றாள். யாருக்காக என்று இரண்டு நாள் என்னைத் துளைத்தாள். நீ தூசி என்றாய். நான் எதிர்வீட்டுப் பையனிடம் சொல்லி அந்தப் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு வாங்கி, என் பழைய லென்ஸை வைத்துப் பார்த்தேன். அழுதால் இரண்டு கண்ணும் வீங்கும். இதில் ஒன்று மட்டும், மேல் இமையும் கீழ் இமையும் சேர்ந்து, லேசான ஊதா நிறத்தில். போன முறை வந்தபோது உன் மடிக்கணினியில் ஒரு சிறுவன் படம் காட்டினாய். ரோமானா அடையாளம், இந்த நோய் தொற்றின புதிதில் இப்படி ஒரு கண் மட்டும் வீங்கும் என்றாய். கடியில் ஒன்றுமில்லை அப்பா, குடித்த இடத்திலேயே எச்சமிடுகிறது, தூக்கத்தில் தேய்க்கிற விரல் அதைக் கடிவாயிலோ கண்ணிலோ கொண்டு சேர்க்கிறது என்றாய். அதற்கப்புறம் நீ வீடியோவில் வரவேயில்லை. குரல் மட்டும்.

இது வெறும் தூசியாகவே இருக்கலாம். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஜாதகத்தை எடுக்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுகிறேன். நாளைக்கு உனக்கென்று ஒரு குழந்தை வந்தால் அதற்கும் போகக்கூடிய கிருமி, கர்ப்பமாக இருக்கும்போது மாத்திரையும் எடுக்க முடியாது என்று நீ சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

உன்னைக் கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை, பாப்பா. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.டி. கொசுமருந்து அடிக்கிற சுற்று. கடைசித் தெருவில் நான்கு வீடு பூட்டிக் கிடந்தது. கடலைக் காட்டுக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்து அடிக்க வேண்டும், அதுதான் முறை. ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் அந்த நான்கு வீட்டுச் சுவரிலும் காவியால் தேதியைப் போட்டேன், நோட்டிலும் அடித்ததாக எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ரத்த ஸ்லைடு எடுத்ததில், அந்த நான்கில் ஒரு வீட்டு அம்மாவுக்கு மலேரியா. மாத்திரை கொடுக்க நான்தான் போனேன். வாசலில் என் கையெழுத்து, காவி மங்காமல் அப்படியே இருந்தது. மருந்தடித்தும் எனக்கு வந்துவிட்டதே தம்பி, என் உடம்புதான் சரியில்லை என்று சொல்லிவிட்டு, நடுங்குகிற கையால் எனக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். அவள் பிழைத்துக்கொண்டாள். இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

வீட்டுச் சுவருக்கு அடித்துவிட்டு ஆட்டுப்பட்டியை விட்டுவிடுகிறார்கள், அடித்தாலும் வெயிலிலும் புழுதியிலும் அந்த மருந்து நிற்பதில்லை, அங்கிருந்தே பூச்சி திரும்ப வீட்டுக்குள் வருகிறது என்று பொலிவியாவில் ஊர்க்காரர்களோடு நீ சண்டை போட்டதைச் சொன்னாயே, அப்போது எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் நோட்டும் ஞாபகம் வந்தது. உன் ரத்தத்துக்கு நீ அப்படி ஒரு தேதியைப் போட்டுவிடாதே.

மூன்று மாதம் ஆகிவிட்டது, இனி ஸ்லைடில் கிருமி தெரியும் என்று நம்பக்கூடாது. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற ஆன்டிபாடியைப் பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு வேறு வேறு முறையில். உனக்கே தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். பென்ஸ்நிடசோல் மாத்திரை இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஒன்றும் செய்யாமல் விட்டால் பத்தில் மூன்று பேர் வரை வருஷங்கள் கழித்து இதயம் கெடுகிறது. அப்போது நான் இருக்க மாட்டேன், பாப்பா.

முடிவைப் பிறகு சொல். ரத்தம் கொடுத்த தேதியை மட்டும் இப்போது எனக்கு எழுது. அம்மா போனில் அல்ல, என் நம்பருக்கு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா, அம்மா உன் முகத்தைப் பார்க்கட்டும். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடு.

அன்புடன்,
அப்பா