பேகன் போர்வையும் ஒரு ஸ்வெட்டரும்

பூம்பாறை,
தை 18

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாளே வந்துவிட்டது. குளிரில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் பதில் இத்தனை தாமதம். விடியற்காலையில் படிப்படியாக இறங்கும் வயல்கள் முழுக்க உறைபனி. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை.

பயிற்சியில் உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் திறன் பட்டியலைக் கொடுத்து, 10 திறனுக்கும் ஆளுக்கொரு கதை தயார் பண்ணச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். பிறர் நிலையில் நின்று பார்ப்பது, முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது என்று பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது இந்தத் திறனுக்கு, அது அந்தத் திறனுக்கு என்று கதையைப் பங்கு பிரிக்க முடியுமா என்பதுதான் என் சந்தேகம். போன வாரம் என் மானம் போன கதையைக் கேள்.

ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அன்றைக்கு மஞ்சு இறங்கி எதிர்வீடே தெரியவில்லை. குளிருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பேகன் கதையை எடுத்தேன். நம் மலை ஆள்தானே! ஆவியர் குடித் தலைவன். அவன் ஆண்ட அன்றைய பொதினிதான் இன்றைய பழனி. மயில் குளிரில் நடுங்குகிறது என்று தன் போர்வையைக் கொடுத்தான் என்று உருகி உருகிச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? "இதிலிருந்து என்ன தெரிகிறது? இருப்பதைக் கொடுக்க வேண்டும்" என்று வால் ஒன்றும் ஒட்டினேன். 30 வருஷப் பழக்கம்டி, சுலபத்தில் போகுமா?

மறுநாள் காலையில் வாசலில் ஒரு அம்மா. கையில் மூன்றாவது படிக்கும் பையன், உதடு நீலம் பாரித்து நிற்கிறான். போகிற வழியில் தெருநாய் நடுங்கியதாம். ஸ்வெட்டரைக் கழற்றி அதற்கு மாட்டிவிட்டிருக்கிறான். நாய் ஸ்வெட்டரோடு ஓட்டம் பிடித்துவிட்டது. "நீங்க கதை சொல்லிட்டுப் போயிடுவீங்க டீச்சர், ஸ்வெட்டருக்கு யார் காசு கொடுக்கிறது?" என்றாள். பூண்டு உரித்துக் கூலி வாங்குகிறவள். நான் என்ன பதில் சொல்ல?

அன்று சாயங்காலம் பேகனையே மறுபடி எடுத்தேன். இந்த முறை, மயில் நடுங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு, "நீங்க பேகனா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் எனக்குப் பேச வாய்ப்பே இல்லை. தீ மூட்டலாம் என்றான் ஒருவன். மயில் தீயைக் கண்டால் பறந்துவிடும் என்றாள் இன்னொருத்தி. மயிலுக்கு ஏற்கெனவே இறகு இருக்கிறதே, போர்வை எதற்கு என்று ஒரு வழக்கு. கடைசியில் ஐந்தாவது படிக்கும் பெண் ஒன்று, "அவர் ராஜா. வீட்டுக்குப் போனா இன்னொரு போர்வை இருக்கும். இவனுக்கு இருந்தது ஒண்ணுதானே?" என்றது. ஸ்வெட்டர் பையன் அதற்கும் அசரவில்லை: "நாய்க்கு அதுகூட இல்லையே."

இதை எந்தத் திறனுக்குக் கீழே எழுதுவாய், சொல்.

பெரிய பிள்ளைகள் நாலு பேர் மட்டும் மிச்சமிருந்தபோது கதையின் மறுபாதியையும் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும், கல்லூரியில் புறநானூறு நடத்தியபோது நாம் இரண்டு பேரும் கொதித்தோமே. மயிலுக்கு இரங்கிய அதே பேகன், மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, இவள் வேறு) தவிக்க விட்டுப் பிரிந்திருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நாலு புலவர்கள் அவனிடம் போய் அவளுக்காகப் பாடினார்கள். பரிசில் வேண்டாம், தேரைப் பூட்டி அவளிடம் போ என்கிறார் அரிசில் கிழார். கொடுக்கிறவன் முகத்துக்கு நேரே நின்று இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நம் பாடப்புத்தகப் பேகனுக்கு மயில் மட்டும்தான். இந்த வீட்டுச் சங்கதியைச் சின்னப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. நல்லவன் முழுக்க நல்லவன், கெட்டவன் முழுக்கக் கெட்டவன் என்று சொல்லியே வளர்க்கிறோம். பிறகு வீட்டில் பாசமான அப்பா குடித்துவிட்டு வந்து நின்றால் பிள்ளை எந்தக் கதையை வைத்து அவரைப் புரிந்துகொள்ளும்?

ஒன்பதாவது படிக்கும் பெண், "போனாரா டீச்சர்?" என்றாள். பாட்டில் அது இல்லை என்றேன். "போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். நானும் வால் ஒட்டவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதனால் உனக்குக் கதைப் பட்டியல் அனுப்பப் போவதில்லை. உன் பாட்டி ஆட்டுரலில் மாவு ஆட்டிக்கொண்டே சொல்வாரே, பாதியில் நிறுத்தி "அப்புறம் என்ன ஆச்சு, நீ சொல்லு" என்று நம்மை மாட்டிவிடுவாரே, அந்தக் கதைகளில் நாலை நினைவுபடுத்தி நீ எனக்கு எழுது.

இன்னொன்று. உன் பேரன் இங்கே வந்தபோது வாங்கின சிவப்பு ஸ்வெட்டர் அவனுக்கு இப்போது சிறிதாகியிருக்கும். மதுரை வெயிலில் அது பெட்டியில்தானே கிடக்கிறது? அனுப்பி வை. நாய் நேற்று திரும்பி வந்துவிட்டது. கழுத்தில் ஒரு கை மட்டும்தான் தொங்குகிறது.

அன்புடன்,
மல்லிகா